ஒரே தவணையில்

கூட்டத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும்:

சன்னலை ஒட்டி, பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஊழியர் நலத்துறைத் தலைவர் மிருணாளினி மேடம். அவருக்கு இடப்பக்கம் எங்கள் கோயமுத்தூர்க் கிளையின் மேலாளர் ரகுநந்தன் சார். கதவோரம், மடியில் கருவிப்பெட்டியோடு, வில்லைகளைப் பராமரிக்கும் ஜெபராஜ். மூவருக்கும் எதிரே நான், பதில் கடிதப் பிரிவு தமயந்தி. அறையின் பெயர் அமைதி அறை. இங்கே மேல் கீழ் என்ற பேதம் கிடையாது என்று காட்டுவதற்காக நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பஞ்சு மூட்டைகளைப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும். எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். ரகுநந்தன் சாருக்கு முதுகுவலி என்பதால் அவருக்கு மட்டும் நாற்காலி. எங்கள் சமத்துவத்துக்கு மேலே அவர் தலை தனியாகத் தெரிந்தது.

கூட்டக் குறிப்பில் பெயர் வராத ஒருவரையும் சேர்த்துக்கொள்கிறேன். சன்னலுக்குக் கீழே, கம்பெனி வாசலுக்கு எதிர்ப்புறம், சாக்கடை மேல் போட்ட சிமெண்டுப் பலகையில் ருக்மணி உட்கார்ந்திருந்தாள். அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமைதோறும் அவள் அங்கே வருவாள்.

பொருள்: என் ராஜினாமா.

"அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க தமயந்தி" என்றார் மிருணாளினி மேடம்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினேன். மூலையில் இருந்த சிறுவிளக்கு பச்சையாக எரிந்தது. மேடம் இரண்டு கைகளையும் சேர்த்து மார்பில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணில் ஈரம் தெரிந்தது. சந்தோஷத்துக்கு அவர் அழுவார். மற்ற எதற்கும் அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

"ஒரு மாசம் முழுக்கப் பச்சை! எப்படி இருந்தவங்க, எப்படி ஆயிட்டீங்க!"

எப்படி ஆனேன் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எங்களுடையது மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி. ஆஸ்பத்திரிச் செலவு கேட்டு வரும் மனுக்களை எந்திரமே பார்த்து, எந்திரமே முடிவு செய்துவிடும். ஆனால் ஒருவருக்கு இல்லை என்று சொல்வதானால் அந்தக் கடிதத்தை ஒரு மனிதர் எழுதி, இன்னொரு மனிதர் கையெழுத்திட்டு, காகிதத்தில் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் எங்கள் பிரிவு பிழைத்தது. நான் எழுதுவேன், மேலே இருப்பவர் கையெழுத்திடுவார். வெள்ளகோவில் அரசுப் பள்ளியில் படித்த காலத்தில் விடுப்பு விண்ணப்பத்தைக்கூட வகுப்பில் என்னிடம்தான் எழுதி வாங்குவார்கள். அந்தக் கை இங்கே சோறு போட்டது.

வேலைக்கு ஆள் கேட்டு வந்த விளம்பரத்தில், மனநலச் சிகிச்சை பெற்றவர்களை விரும்பி வரவேற்கிறோம் என்று இருந்தது. கல்லூரி நாட்களில் எனக்கு அந்த நோய் வந்தது. படுக்கையை விட்டு எழ முடியாமல், சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மாத்திரையும் அம்மாவும்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தார்கள். நேர்காணலில் அதை மறைக்காமல் சொன்னேன். மிருணாளினி மேடம் மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்! உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்" என்றார். அன்று இரவு பூபதியிடம், என் வீட்டுக்காரரிடம், அந்தக் கையின் சூட்டைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

எங்களை எதற்கு வேண்டும் என்பது பகிர்வுத் திட்டம் வந்தபோது தெரிந்தது.

எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு வில்லை. கால் ரூபாய்க் காசளவு, தோலின் நிறம். பதற்றமோ கவலையோ வந்தால் அதை இறக்கிவிடும். மாத்திரை வேண்டாம், விடுப்பு வேண்டாம். 'யாரும் தனியாகச் சுமக்க வேண்டாம்' என்று லிஃப்டுக்குள் எழுதி ஒட்டினார்கள். இறக்கியது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு வில்லை ஒட்ட வந்த ஜெபராஜிடம் நான் கேட்டேன். அவன் நாங்குநேரிப் பக்கத்துப் பையன். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வான்.

"இதுல மாயம் ஒண்ணும் இல்லக்கா. மாடியில ஒரு தொட்டி, கீழ ஒரு தொட்டின்னு வெச்சுக்கிடுங்க. மேல நெறஞ்சா குழாய் வழியாக் கீழ வருது. தண்ணி எங்கயும் காணாமப் போவாதுல்லா?"

"அப்ப நான் கீழ்த்தொட்டியா?"

"பேரு அப்படி இல்லக்கா. தாங்குநர்."

"மேல இருக்கறவங்க நெனப்பெல்லாம் எனக்கு வந்துருமா?"

"நெனப்பு வராது. கனம் மட்டுந்தான் வரும். காரணம் அங்கயே தங்கிரும். ஒரு குழாய்க்கு ஒரு ஆளுதான், ஆனா யாருதுன்னு உங்களுக்குத் தெரியாது, யாருக்குப் போச்சுன்னு அவங்களுக்கும் தெரியாது. அதுதான் இதுல இருக்க மரியாதை."

எல்லோரும் எல்லோருடையதையும் சமமாகப் பகிர்வதாகத்தான் சுற்றறிக்கை சொன்னது. நடைமுறையில் தாங்குநர்கள் என்று தனியாகப் பிரித்தவர்கள் எல்லோரும் முன்பு சிகிச்சை பெற்றவர்கள். கேண்டீனில் எங்களைச் சுமைதாங்கி என்றார்கள். நான் மிருணாளினி மேடத்திடமே போய், ஏன் நாங்கள் மட்டும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வருவதே இல்லை.

"உங்களுக்குத் துக்கத்துல நீச்சல் தெரியும் தமயந்தி. மத்தவங்க மூழ்கிடுவாங்க" என்றார்.

எனக்கு வந்து சேர்ந்தது பயமோ கோபமோ அல்ல. குற்ற உணர்ச்சி. காரணம் இல்லாமல், கழுத்தில் கட்டிய கல் மாதிரி. முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கண்டக்டர் சில்லறை இல்லை என்றால் நான் மன்னிப்புக் கேட்டேன். பால்காரர் தாமதமாக வந்தாலும் நான்தான் கேட்டேன். பூபதி சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் கை கழுவிக்கொண்டே கேட்பார்.

"ஏனம்மிணி, இன்னைக்கு யாருகிட்ட மன்னிப்பு?"

"பஸ்ஸுல ஒருத்தரு என்ற கால மிதிச்சுட்டாருங்க."

"மிதிச்சது அவரு."

"ஆமாங்க. நாந்தான் கேட்டேன்."

விழுந்து விழுந்து சிரிப்போம். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. காரணமில்லாத குற்ற உணர்ச்சி சும்மா இருக்காது. தனக்கு ஒரு காரணத்தைத் தேடி மனதுக்குள் எல்லாக் கதவையும் தட்டும். என் விஷயத்தில் அது அம்மாவைக் கண்டுபிடித்தது.

அம்மா சிறுநீரகம் பழுதாகி இறந்தாள். கடைசி வரை நான் பக்கத்தில் இருந்தேன். "போதுங்கண்ணு, நீ போய்ச் சித்தெ நேரம் தூங்கு" என்று அவளே சொன்ன பிறகுதான் படுத்தேன். விழித்தபோது அவள் போயிருந்தாள். அது எனக்குத் துக்கமாக இருந்தது, ஆனால் சுத்தமான துக்கம். இந்த வில்லை வந்த பிறகு அந்தத் தூக்கம் ஒரு கொலையாக மாறிற்று. நீ தூங்கினாய், அவள் தண்ணீர் கேட்டிருப்பாள், உனக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில், குளியலறையில், கடிதம் எழுதும்போது, ஓயாமல் இதே பேச்சு. அம்மாவின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினேன். பூபதி நேராக்கினால் மறுபடி திருப்பினேன். என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பியவளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. யாரோ ஒருவர் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக என் அம்மாவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

"பிச்செறிஞ்சுட்டு வூட்டுல உக்காரு! சோத்துக்கு நானிருக்கேன்" என்றார் பூபதி.

பிய்த்தெறிய முடியாது. ஜெபராஜ் சொல்லியிருந்தான். வில்லையை எடுத்தால் குழாய் அடைபடும், அவ்வளவுதான். வந்தது வந்தபடி உள்ளேயே நின்றுவிடும், சாகும் வரைக்கும். முறையாக விலகிக் கணக்கை மூடினால்தான் அது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்.

முறையாக விலகுவதற்கும் ஒரு தடை இருந்தது. நலக்கொள்கை என்று அதற்குப் பெயர். கலங்கிய மனதோடு யாரும் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. வில்லையோடு இணைந்த அட்டை விளக்கு மஞ்சளாகவோ சிவப்பாகவோ எரியும்போது கொடுத்த ராஜினாமா செல்லாது. ஒரு மாதம் தொடர்ந்து பச்சையாக எரிந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தவர் கலக்கத்தைச் சுமப்பவளுக்குப் பச்சை எங்கிருந்து வரும்? நான் எத்தனை முறை எழுதிக் கொடுத்தேனோ அத்தனை முறையும் ஒரு தாமரைப் படத்தோடு பதில் வந்தது. 'உங்கள் கோரிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இந்த நேரத்தில் நாங்கள் உங்களோடு இருக்கிறோம். அன்புடன், மிருணாளினி.'

இல்லை என்று சொல்லும் கடிதம் எழுதிப் பிழைப்பவள் நான். அதைவிட நயமாக ஒரு இல்லையை நான் எழுதியதே கிடையாது.

இனி ருக்மணி.

என் மேசை இரண்டாம் மாடியில், சாலையைப் பார்த்த சன்னலோரம். திங்கட்கிழமை காலைகளில் என் நெஞ்சு திடீரென்று உள்ளே இடிந்து விழுவதைக் கவனித்தேன். மற்ற நாட்களில் கனம் மெதுவாக ஏறும். திங்களன்று மட்டும் ஒரே அடி. அப்படி விழுந்த ஒரு காலையில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். மிருணாளினி மேடத்தின் வெள்ளைக் கார் வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. எதிர்ப்புறம் சிமெண்டுப் பலகையில் ஒரு பெண். கார் அவளைத் தாண்டும்போது கொஞ்சம் வேகம் குறைந்து, பிறகு உள்ளே வந்தது. மேடம் இறங்கினார். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கைப்பையை ஆட்டிக்கொண்டு படியேறினார். நான் மேலே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகத்தின் பேரில் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. அடுத்த வாரமும் பார்த்தேன். ரகுநந்தன் சாரின் கார் அந்தப் பெண்ணைத் தாண்டியது. எனக்கு ஒன்றுமில்லை. வெள்ளைக் கார் தாண்டியது. இடிந்தது. அதற்கடுத்த வாரம் மேடம் விடுப்பு. அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கமான கனத்தோடு என் கடிதங்களை எழுதி முடித்தேன். அதற்குப் பிறகு வந்த திங்களில் மேடம் திரும்பி வந்தார், இடியும் திரும்பி வந்தது.

மதியம் இறங்கிப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருங்க நீங்க? எதுக்கு வாரமானா இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

"உள்ள விடமாட்டேங்கறாங்க. வேற எங்க உக்காரட்டும்?" என்றாள். "நீங்க அவத்த உள்ளதான் வேலை பாக்கறீங்களா? என்ற வூட்டுக்காரரும் இங்கதான் இருந்தாரு. தனசேகரன். கணக்குப் பிரிவு, பின்னால கட்டடம்."

நான் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. அந்தக் கட்டடத்துக்குப் போனதும் இல்லை.

"இந்த வில்லையெல்லாம் வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி அவருக்குத் தூக்கம் போச்சுங்க. ராத்திரியெல்லாம் நடந்துட்டே இருப்பாரு. வெளிய சொன்னா வேலை போயிரும்னு பயம். அப்பத்தான் அந்த மெத்துனு பேசற மேடம், எதுன்னாலும் என்றகிட்டச் சொல்லுங்க, ஒருத்தருக்கும் போகாதுன்னாங்களாம். நம்பிப் போய்ச் சொன்னாரு. ஒரு மணி நேரம் பேசுனேன் ருக்கு, பாரமே எறங்கிப்போச்சுன்னு வந்து நல்லாச் சாப்பிட்டாரு. அடுத்த மாசமே, நீங்க ஆபத்தான ஆளு, வேலை பாக்க லாயக்கு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மேடத்துகிட்டச் சொன்னதெல்லாம் மேலதிகாரி வாயில வருது. எழுதிக் குடுத்த மக்யா நாளு காலையில செருப்புக்கூடப் போடாம வூட்டை வுட்டுப் போனவருதான்."

"போலீசுல சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பனா? தேடறாங்களாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வேலையும் வேண்டாம், நட்டஈடும் வேண்டாம். அன்னைக்கு அந்தம்மாகிட்ட அவரு என்ன பேசுனாருன்னு மட்டும் தெரியோணும். ஊரு பேரு ஏதாவது சொல்லியிருப்பாரு. எங்கயாவது போயிரலாம்னு தோணுதுன்னு சொல்லியிருப்பாரு. அதத் தெரிஞ்சுக்கிட்டா அங்க போய்த் தேடுவேன். அது ரகசியமாம். சொல்லக் கூடாதாம். மேலதிகாரிகிட்டச் சொல்லலாம், பொண்டாட்டிகிட்டச் சொல்லக் கூடாதாம். எப்படிங்க இது?"

பதில் எழுதுவதே என் தொழில். அவள் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மாடிக்குத் திரும்பிப் படியேறும்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் செய்யாத தவறுக்காக இத்தனை நாள் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். செய்தவர் பாட்டு முணுமுணுக்கிறார். இந்தக் கனம் மட்டும் அவரிடமே இருந்திருந்தால் முதல் திங்கட்கிழமையே காரை நிறுத்தி இறங்கியிருப்பார். இறங்காமல் இருக்க அவரால் முடிந்திருக்காது. நான் தாங்கியதால்தான் ருக்மணி இன்னும் சாக்கடை மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசிப் படியில் நின்றேன். இதை அவரிடமே திருப்பிக் கொடுப்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். துளி மிச்சம் வைக்காமல் கொடுப்பேன்.

மார்பில் ஏதோ மினுங்கியது. குனிந்து பார்த்தேன். அட்டை விளக்கு பச்சையாக எரிந்தது.

முதலில் விளக்கு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும். காலையில் எழுந்ததும் கண்ணை மூடி உட்கார்ந்து ஒன்றை மட்டும் நினைப்பேன். வெள்ளைக் கார் வாசலில் நிற்கிறது. மேடம் இறங்குகிறார். கைப்பை நழுவிக் கீழே விழுகிறது. அந்த மெத்தென்ற குரல் உடைகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது அவர் முகம், வெளியே விடும்போது அவர் அழுகை. கனம் முன்னைப்போலவே வந்துகொண்டிருந்தது. ஆனால் அது திரும்பிப் போகப்போகிற சரக்கு. கட்டி ஓரமாக அடுக்கி வைத்துக்கொண்டேன்.

தாமரைப் படங்கள் நின்று சூரியகாந்திப் படங்கள் வரத் தொடங்கின. கேண்டீனில் 'இம்மாதத்தின் நலமுகம்' என்று என் போட்டோவைப் பெரிதாக ஒட்டினார்கள். சாம்பார் வாளிக்கு நேர் மேலே. பக்கத்து மேசைப் பெண்கள் ரகசியம் கேட்டார்கள். "மூச்சுப் பயிற்சிங்க" என்றேன். அது பொய் இல்லை.

வில்லையைத் துடைக்க வந்த ஜெபராஜ் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நெசமாவே நல்லாயிருக்கீங்களா?"

"பச்சை எரியுதே, பாக்கலியா?"

"அது நல்லதும் கெட்டதும் பாக்காதுக்கா. மனசு ஆடுதா நிக்குதான்னு மட்டுந்தான் பாக்கும். சாமி கும்பிடுதவங்களுக்கும் நிக்கும். வேற ஒண்ணை முடிவு பண்ணவங்களுக்கும் நிக்கும்." குரலைத் தாழ்த்தினான். "எதுன்னாலும் யோசிச்சுச் செய்யுங்க."

"யோசிச்சாச்சு. கணக்கை மூடுனா எல்லாம் ஒண்ணாத் திரும்பிப் போகுமா?"

"வழக்கமா ஆறேழு மாசத் தவணை போடுவோம். கொஞ்சங்கொஞ்சமாப் போனா அவங்களுக்கும் தாங்கும். விலகுத கடுதாசியில ஒரே தவணைன்னு எழுதி, கம்பெனி கையெழுத்தும் இருந்தா, பெங்களூர்ல இதை நடத்துத கம்பெனிக்காரங்க அப்படியே தொறந்து விட்டுருவாங்க." நிறுத்தினான். "வேண்டாம்க்கா. வருஷக்கணக்குல சேந்ததுல்லா. ஆளு ஒடிஞ்சுரும்."

"எனக்கு வந்தப்ப யாராச்சும் தவணை போட்டாங்களா தம்பி?"

அவன் கருவிப்பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டிலும் ஒருவர் கவனித்திருந்தார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் பூபதி சொன்னார்: "இப்பல்லாம் நீ ஆருகிட்டயும் மன்னிப்பே கேக்கறதில்ல அம்மிணி."

"நல்லதுதானுங்களே?"

"நல்லதுதான்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "முந்தி அழுதிட்டிருந்தே. அப்ப எனக்குப் பயமா இல்ல."

இப்போது அமைதி அறைக்குத் திரும்புகிறேன்.

"ஏனுங்க தமயந்தி, நீங்க போயிட்டா நம்ம கம்பெனில 'வருந்துகிறோம்'னு உங்களாட்ட ஆருங்க எழுதுவாங்க?" என்று ரகுநந்தன் சார் மேலிருந்து சிரித்தார். "உங்க கடிதாசி வாங்குனவன் ஒருத்தன், பணம் கெடைக்கலீன்னாலும் பரவால்ல, மனசு ஆறிப்போச்சுன்னு போன் பண்ணுனானுங்க!"

"அவங்க மனசு வெச்சு எழுதறாங்க சார். அதான்" என்றார் மேடம்.

எங்கள் பிரிவின் வழக்கப்படி, என் விலகலை ஏற்கும் கடிதத்தையும் நானே எழுதி வந்திருந்தேன். பெங்களூரில் பகிர்வுத் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு, மிருணாளினி மேடம் எழுதுவதாக. அவரிடம் நீட்டினேன். முதல் பத்தியைச் சத்தமாகப் படித்தார். 'எங்கள் தாங்குநர் திருமதி தமயந்தி முழு மன அமைதியுடன் விலக விரும்புகிறார். அவருடைய முடிவை மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம்.' அவர் குரலில் அது பாட்டாகக் கேட்டது. இரண்டாம் பத்திக்கு வந்ததும் கண் மட்டும் மேலோட்டமாக ஓடியது. பேனாவைத் திறந்தார்.

"ரெண்டாவது பத்தியையும் படிச்சுருங்க மேடம்" என்றேன்.

"அதெல்லாம் டெக்னிக்கல். நீங்க எழுதினா தப்பாவா இருக்கும்?"

'அவரிடம் இதுவரை சேர்ந்த சுமை முழுவதையும், புறப்பட்ட இடத்துக்கே, ஒரே தவணையில் திருப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.' தெளிவான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன். ஒளித்து வைக்கவில்லை. சங்கடம் தரும் என்று தோன்றும் எதையும் அவர் படிப்பதில்லை. அது என் குற்றம் இல்லை.

ஜெபராஜ் படித்துவிட்டான். அவன் இருந்த இடத்திலிருந்து தாள் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கண்ணைக் கருவிப்பெட்டிக்குத் தாழ்த்திக்கொண்டான்.

பேனா தாளைத் தொடுவதற்கு முன் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. இரக்கத்தினால் இல்லை. பிறகு யாரும், ஏன் நானேகூட, அவரைக் கேட்காமல் செய்தேன் என்று சொல்லிவிடக் கூடாது.

"போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கலாமுங்களா? வெளிய பலகை மேல ஒரு பொண்ணு உக்காந்திருக்குதுங்க. ருக்மணின்னு பேரு. அதுகிட்ட ஒரேயொரு தடவை பேசுங்க மேடம். அன்னைக்கு அவங்க வீட்டுக்காரரு உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

மேடம் சன்னல் பக்கம் திரும்பினார். கீழே பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் கலைந்தது, உதடு கோணிற்று. அந்த ஒரு கணத்தில் அவர் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணாக இருந்தார்.

அப்புறம் என் நெஞ்சு இடிந்தது.

இத்தனை அருகில், கண்ணுக்கு முன்னால், அது இடம் மாறியதை நான் பார்த்ததில்லை. அவர் முகத்தில் இருந்து எழுந்தது, என் விலா எலும்புக்குள் வந்து உட்கார்ந்தது. அம்மா தண்ணீர் கேட்டாள். நீ தூங்கினாய். விளக்கின் ஓரத்தில் மஞ்சள் துளிர்ப்பதைக் கண்டேன். மஞ்சள் ஆனால் எல்லாம் முடிந்தது. இன்னொரு தாமரை, இன்னொரு அன்புடன் மிருணாளினி. பஞ்சு மூட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். மூச்சை உள்ளே இழுத்தேன், அவர் முகம். வெளியே விட்டேன், அவர் அழுகை. மஞ்சள் பின்வாங்கியது.

மேடம் என் பக்கம் திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார். பழைய, கலங்காத சிரிப்பு.

"உங்க நல்ல மனசு தமயந்தி. ஆனா எல்லாருடைய வலியையும் நாம சுமக்க முடியாது இல்லையா? ஒரு எல்லை வேணும். அதை நீங்க இன்னும் கத்துக்கணும்."

"கத்துக்கிட்டேனுங்க மேடம்" என்றேன்.

கையெழுத்திட்டார். ரகுநந்தன் சார் கைதட்டினார். கதவருகே எங்கள் தபால்காரர் பையோடு வந்து நின்றார். பதிவுத் தபால் எடுக்க அந்த நேரத்துக்கு வருவார்.

"நீங்களே ஒட்டிடுங்க. உங்க கை ரொம்பச் சுத்தம்" என்று மேடம் தாளையும் உறையையும் என்னிடம் தந்தார்.

மூன்றாக மடித்து உள்ளே வைத்தேன். பசை தடவும்போது அவர் குனிந்து என் தோளைத் தொட்டார். "எங்களை மறந்துடாதீங்க. உங்களுக்குப் பண்ணினதுல நான் ரொம்பப் பெருமைப்படறேன்" என்றார். அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி; ரவிக்கைத் தோளில் ஊக்கு. பெங்களூரில் குழாயைத் திறந்து விடும் நேரத்தில் அவர் எங்கே இருப்பார்? படியில் இறங்கிக்கொண்டிருப்பாரா, கார் ஓட்டிக்கொண்டிருப்பாரா, வீட்டில் தனியாகவா? நான் இத்தனை நாளும் போட்டுப் பார்த்த காட்சியில் அவர் எப்போதும் ருக்மணியின் முன்னால்தான் நின்றார். அதற்கு முந்தைய நிமிடத்தை ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

என் உள்ளே ஏதோ உறுத்தியது.

தாளை வெளியே எடுத்து, 'ஒரே' என்பதை அடித்து, 'ஆறு மாதத்' என்று எழுத இன்னும் நேரம் இருந்தது. பசை ஈரமாகத்தான் இருந்தது. ஜெபராஜ் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த உறுத்தல் யாருடையது? சற்று முன் அவரிடமிருந்து வந்ததன் மிச்சமா, என்னிலேயே முளைத்ததா? இத்தனை காலத்துக்குப் பிறகு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. கடிதம் போய்ச் சேர்ந்து, அவருடையதெல்லாம் அவருக்குத் திரும்பிய பிறகும் இது இங்கேயே கிடந்தால், இது என்னுடையது. அப்போது இதை நானே வைத்துக்கொள்வேன். ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன்.

உறையின் மடிப்பை விரலால் ஓரம் முதல் ஓரம் வரை அழுத்தித் தேய்த்தேன். மேடம் கம்பெனி முத்திரையை எடுத்து அதன்மேல் பதித்து, மை உலர வாயால் ஊதினார். தபால்காரர் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, படியிறங்கிப் போனார்.